குழந்தைக்கு பவர் வீல்சேர்: ஷோரூம் போறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

நம்ம சேனல்ல எஸ்.ஐ.பி, டேர்ம் இன்சூரன்ஸ், ஓல்டு ரெஜீம் நியூ ரெஜீம்னு நிறைய பேசியிருக்கோம். இன்னிக்கு பேசப்போறது எந்த எக்செல் டெம்ப்ளேட்லயும் வராத ஒரு செலவு. நடக்க முடியாத, அல்லது நடந்தா சீக்கிரம் களைச்சுப் போற ஒரு குழந்தைக்கு பவர் வீல்சேர் வாங்குறது.

உங்க வீட்டில் இந்தத் தேவை இல்லாமல் இருக்கலாம். அக்கா பிள்ளைக்கு, ஆபீஸ்ல பக்கத்து சீட் நண்பரோட மகளுக்கு இருக்கலாம். "ஆன்லைன்ல பார்த்தேன், 60,000-லயும் இருக்கு, 4 லட்சத்திலயும் இருக்கு, எதை வாங்கறது?"ன்னு அவங்க கேட்கும்போது, வீட்டில் சம்பாதிக்கிற இளைஞர் நீங்கங்கிறதால பார்வை உங்க பக்கம்தான் திரும்பும். அப்போ உதவுறதுக்காக இந்தப் பதிவு.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். நான் சிஏ. தெரபிஸ்ட் இல்லை. எந்த சேர் பொருந்தும்னு சொல்ல வேண்டியது அதற்கான மருத்துவக் குழு. அந்த முடிவுக்கு முன்னாடியும் பின்னாடியும் பணம் எங்கே வீணாகுது, எங்கே மிச்சமாகுதுன்னு காட்டுறது என் வேலை.

முதல் செலவு சேர் இல்லை, அசெஸ்மென்ட்

பெரும்பாலானவங்க தப்பு பண்ற இடம் இதுதான். மொபைல் வாங்குற மாதிரி ஸ்பெக் பார்த்து, ரிவ்யூ பார்த்து ஆர்டர் போடறாங்க. வீல்சேர் மொபைல் மாதிரி இல்லை, மூக்குக்கண்ணாடி மாதிரி. பவர் செக் பண்ணாம யாரும் கண்ணாடி வாங்க மாட்டோம் இல்லையா?

உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வீல்சேர் வழங்குவது பற்றிய வழிகாட்டியை வெளியிட்டது. அதில் நாலு படிகள்: சரியானதைத் தேர்ந்தெடுப்பது, உடம்புக்குப் பொருத்துவது, பயிற்சி கொடுப்பது, அப்புறம் தொடர்ந்து கவனிப்பது. நம்ம ஊர்ல காசு மொத்தமும் முதல் படியிலேயே தீர்ந்துடுது. மீதி மூணுக்கும் பட்ஜெட்டே போடறதில்லை.

புதுச்சேரியில் இருக்கிறவங்களுக்கு ஜிப்மர் பக்கத்திலேயே இருக்கு. ஈ.சி.ஆர்ல சென்னை போற வழியில் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கு, மத்திய அரசோடது. வேலூர் சி.எம்.சி-யின் மறுவாழ்வு மருத்துவத் துறையும் பல பத்தாண்டுகளா இயங்குது. இதில் ஏதாவது ஓர் இடத்தில் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பார்த்து, என்ன மாதிரி இருக்கை, என்ன கட்டுப்பாடு, என்ன அளவுன்னு எழுதி வாங்குங்க. ரெண்டு நாள் லீவும் போக்குவரத்துச் செலவும் ஆகும். ஒரு லட்ச ரூபாய் தப்பான சேர் வீட்டு மூலையில் துணி காயப்போடற ஸ்டாண்டா மாறுறதை விட இது ரொம்ப சின்ன செலவு.

அசெஸ்மென்ட்ல கேட்க வேண்டிய கேள்விகள்:

- குழந்தை தானா உட்கார்ந்து உடம்பை நேரா வெச்சிருக்க முடியுதா, இல்ல பக்கவாட்டு தாங்கிகள் வேணுமா?
- ஜாய்ஸ்டிக்கை எந்தக் கையால் நல்லா இயக்க முடியும்? கையே ஒத்துழைக்கலைன்னா தலை, கன்னம், கால் மூலம் இயக்கும் ஸ்விட்ச் வேணுமா?
- நோய் காலப்போக்கில் கூடக்கூடிய வகையா? தசைச் சிதைவு நோய்ல இன்னிக்கு ஜாய்ஸ்டிக் பிடிக்கிற கை மூணு வருஷத்தில் பிடிக்காமல் போகலாம். கன்ட்ரோலை மாத்த முடியாத சேரை வாங்கினா அப்போ புது சேர்தான்.
- இருக்கை அப்படியே பின்னால் சாயுற வசதி வேணுமா? நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிற, தானா நகர்ந்து உட்கார முடியாத குழந்தைக்கு இது ஆடம்பரம் இல்லை. அழுத்தப் புண் வராமல் தடுக்கிற விஷயம்.

"இப்பவே மோட்டார் வண்டி கொடுத்தா சோம்பேறி ஆயிடுவான், தெரபியில் முன்னேற மாட்டான்"னு வீட்டுப் பெரியவங்க சொல்வாங்க. அந்தப் பயம் நியாயமானதுதான், ஆனா இந்தத் துறை நிபுணர்கள் அப்படிப் பார்க்கிறதில்லை. தெரபி தொடரணும், அதோடு குழந்தை தானா நகரவும் வேணும்கிறது அவங்க நிலைப்பாடு. அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் கோல் கேலவே தொடங்கிய 'கோ பேபி கோ' திட்டத்தில், கடையில் விற்கிற பேட்டரி பொம்மைக் காரில் பெரிய பட்டன் வைத்து, நடக்க முடியாத சின்னக் குழந்தைகளை ஓட்ட விட்டாங்க. ஒண்ணு முதல் மூணு வயசுக் குழந்தைகளுக்கான பவர் வண்டிக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ 2020-ல் அனுமதி கொடுத்தது. பிரிட்டனில் 'விஸிபக்'னு ஒரு குட்டி பவர் சேரை ஒரு தொண்டு நிறுவனம் சின்னக் குழந்தைகளுக்கு இலவசமா இரவல் கொடுக்குது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கு. குழந்தைக்கு "பட்டனை அழுத்தினா நகரும், விட்டா நிற்கும்" புரியுதான்னு தெரிஞ்சுக்க ஒரு லட்ச ரூபாய் தேவையில்லை. தெரபிஸ்ட் மேற்பார்வையில் சில ஆயிரம் ரூபாய் பொம்மைக் காரில் சோதிச்சுப் பார்க்கலாம்.

யூனிஃபார்ம் லாஜிக் இங்கே செல்லாது

ஸ்கூல் யூனிஃபார்ம் வாங்கும்போது ரெண்டு சைஸ் பெருசா எடுப்போம். "வளர்ற பிள்ளை, அடுத்த வருஷமும் ஆகும்." வீல்சேர்ல இதே யோசனை குழந்தையின் முதுகைக் கெடுக்கும்.

கடையில் சுலபமாகக் கிடைக்கிற பவர் சேர்கள் பெரியவங்களுக்கானவை. இருக்கை அகலம் சுமார் 18 அங்குலம். ஏழு வயசுக் குழந்தைக்கு 10, 12 அங்குலம் போதும். மீதி இடத்தில் குழந்தை ஒரு பக்கமாச் சாயும், மணிக்கணக்கா அப்படியே இருக்கும். இருக்கை ஆழமா இருந்தா முழங்கால் பின்னாடி இடிக்கும், அதைத் தவிர்க்க இடுப்பை முன்னாடி சறுக்கிக்கிட்டே கூன் போட்டு உட்காரும். ஏற்கனவே தசைக் கட்டுப்பாடு குறைவா இருக்கிற குழந்தைக்கு முதுகெலும்பு வளைவு அதிகமாகும் ஆபத்து உண்டு. கைப்பிடி உயரமும் ஜாய்ஸ்டிக் தூரமும் பெரியவங்க அளவில் இருந்தா, ஓட்டவே முடியாது.

அப்போ வளர்ச்சிக்கு என்ன பண்றது? பெரிய சேர் வாங்கக் கூடாது, அளவு மாத்தக்கூடிய சேர் வாங்கணும். இருக்கை ஆழம், அகலம், கால்தாங்கி உயரம், கைப்பிடி நாலையும் எவ்வளவு தூரம் கூட்டலாம்னு கேளுங்க. அடிப்பாகமும் மோட்டாரும் அப்படியே இருக்க, மேலே இருக்கிற சீட்டிங்கை மட்டும் மாத்த முடிஞ்சா இன்னும் நல்லது. விலை கூடத்தான் இருக்கும். ஆனா இரண்டு வருஷத்துக்கு ஒரு சேர் வாங்குறதுக்குப் பதிலா ஒரே சேர் அஞ்சு வருஷம் வந்தால், எது சீப்னு நீங்களே சொல்லுங்க.

சேரை அளக்கிறதுக்கு முன்னாடி வீட்டை அளங்க

ஒரு டேப் எடுத்துக்குங்க. ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் போதும்.

*கதவு:* பவர் சேர்களின் மொத்த அகலம் பல மாடல்களில் 24 முதல் 26 அங்குலம். நம்ம வீட்டு பாத்ரூம் கதவு 24 முதல் 30 அங்குலம். நிலைச்சட்டம் போக உள் இடைவெளியை அளங்க. ஃப்ளாட்டா இருந்தா லிஃப்ட் கதவையும், லிஃப்டின் உள் ஆழத்தையும் சேர்த்து.

*திரும்ப இடம்:* ஒரு சேர் முழுசாத் திரும்ப 5 அடிக்கு 5 அடி காலி இடம் இருந்தா சௌகரியம். சில மாடல்கள் குறைவான இடத்திலும் திரும்பும். ஷோரூம் ஹால்ல எல்லா சேரும் அழகாத்தான் திரும்பும். உங்க ஹால்ல சோபாவுக்கும் டி.வி-க்கும் நடுவில் திரும்புதாங்கிறதுதான் கேள்வி.

*படி:* பாண்டியில் பெரிய தலைவலி இதுதான். ரேம்ப்க்கு பொதுவான கணக்கு 1:12. ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். 6 அங்குலப் படி ஒண்ணுக்கு 6 அடி ரேம்ப். பழைய தமிழர் பகுதித் தெருக்கள்ல திண்ணை வெச்ச வீடுகள் இருக்கு. தெருவிலிருந்து ஒன்றரை அடி உயரம்னா 18 அடி ரேம்ப் வேணும். தெருவுக்குள்ள அவ்வளவு தூரம் நீட்ட முடியாது. அப்போ பக்கவாட்டில் திருப்பிக் கட்டணும், இல்ல பின்வாசல் வழியா யோசிக்கணும், இல்ல வீட்டுக்கு ஒரு சேர், வெளியே ஒண்ணுன்னு போகணும். "நாலு பேர் தூக்கிடலாம்"னு நினைக்காதீங்க. நல்ல பவர் சேர் பேட்டரியோட 50 கிலோவைத் தாண்டும், குழந்தை எடை தனி.

*தண்ணி, உப்புக்காத்து:* 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் வந்தப்போ புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ-க்கு மேல மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் இருக்கிறவங்களுக்கு அது சொல்லித் தெரிய வேண்டாம். பவர் சேர்ல மோட்டாரும் பேட்டரியும் பெரும்பாலும் கீழேதான் இருக்கும். தரைத்தளத்தில் வீடுன்னா புயல் எச்சரிக்கை வந்ததும் சேரை எங்கே ஏத்துவோம்னு இப்பவே முடிவு பண்ணுங்க. கடற்கரைப் பக்கம் வீடுன்னா துருப்பிடிக்கிறதைக் கணக்குல வெச்சு அலுமினியம் ஃபிரேமுக்கு முன்னுரிமை கொடுங்க.

*பள்ளி:* பள்ளியின் வாசல், வகுப்பறை, கழிப்பறை மூணையும் அளங்க. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ன் 16-வது பிரிவு, அரசு நடத்தும், நிதி தரும் அல்லது அங்கீகரித்த பள்ளிகள் கட்டடத்தை அணுகத்தக்கதா வைக்கணும், தேவையான மாற்று ஏற்பாடு செய்யணும்னு சொல்லுது. வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாத்துங்கன்னு கேட்கிறது சலுகை இல்லை. எழுத்தில் கேளுங்க, நகல் வெச்சுக்குங்க.

ஒரு நல்ல விஷயமும் சொல்லணும். பீச் ரோடு சாயங்காலம் வண்டிகளுக்கு மூடிடறாங்க. சமதளம், அகலம், ட்ராஃபிக் இல்லை. குழந்தை ஓட்டிப் பழக இதைவிட நல்ல இடம் பல ஊர்கள்ல கிடையாது. வாரம் மூணு நாள் கூட்டிட்டுப் போங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்ற அந்த 'பயிற்சி'ப் படிக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

சந்தையில் என்ன இருக்கு?

தோராயமா மூணு தட்டு.

முதல் தட்டு, 50,000 முதல் ஒரு லட்சம் வரை. மடிக்கக்கூடிய சாதாரண பவர் சேர்கள். பெரும்பாலும் பெரியவங்க அளவு. தானா நல்லா உட்காரக்கூடிய, கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு சீட்டிங் மாத்திப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, ஒண்ணிலிருந்து இரண்டரை லட்சம். நல்ல மோட்டார், அளவு மாத்தும் வசதி, சில மாடல்களில் சாயும் இருக்கை. இந்தியத் தயாரிப்புகளும் உண்டு.

மூன்றாவது, அதுக்கும் மேல. குழந்தைகளுக்காகவே வடிவமைச்ச இறக்குமதி சேர்கள், மாற்றுக் கன்ட்ரோல்கள்.

சென்னை ஐ.ஐ.டி-யில் உருவான நியோமோஷன் நிறுவனத்தின் நியோஃப்ளை, நியோபோல்ட் பற்றி நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. நியோஃப்ளை ஆளுக்கு ஏத்தபடி அளவெடுத்துச் செய்யுற கைவண்டி. நியோபோல்ட் அதோட முன்னாடி மாட்டுற மோட்டார் பகுதி. அருமையான முயற்சி. ஆனா நியோபோல்ட் ரோட்டில் ஓட்டற வண்டி, ஹேண்டில்பார் பிடிக்க ரெண்டு கையிலும் வலு வேணும். சின்னக் குழந்தைக்கோ, கைகள் பாதிக்கப்பட்ட குழந்தைக்கோ ஜாய்ஸ்டிக் சேருக்கு மாற்றா இதை நினைக்கக் கூடாது.

"ஃபிரான்ஸ்ல மாமா இருக்கார், அங்கிருந்து பழைய சேர் அனுப்பறேன்றார்." பாண்டியில் இது சகஜம். அங்கே 2025 டிசம்பர் 1 முதல் வீல்சேர் செலவை அரசு மருத்துவக் காப்பீடே முழுசா ஏற்கிற சீர்திருத்தம் வந்திருக்கு, அதனால் இனி இப்படிப் பேச்சு கூடலாம். வேண்டாம்னு சொல்லலை. மூணு விஷயம் பாருங்க: அது யாரோ ஒருத்தருடைய அளவுக்குச் செஞ்சது, ஜாய்ஸ்டிக் கன்ட்ரோலர் போனால் இங்கே உதிரிபாகம் கிடைக்குமா, விமானத்தில் பேட்டரியை ஏத்த முடியுமா. கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி ஒண்ணுன்னா 300 வாட்-அவருக்குள், ரெண்டுன்னா ஒவ்வொண்ணும் 160-க்குள் இருக்கணும்னு பயண விதி. நாளைக்கு நீங்க குழந்தையோட விமானத்தில் போகவும் இதே விதிதான்.

விலை இல்லை, அஞ்சு வருஷ விலை

இப்போ என் ஏரியாவுக்கு வருவோம். 1,20,000 ரூபாய் சேர்னு வெச்சுக்குவோம். கீழே இருக்கிறது உதாரணக் கணக்கு, உங்க கொட்டேஷனை வெச்சு மாத்திக்குங்க.

- சேர்: 1,20,000
- பேட்டரி மாற்றம், 2 முறை: 30,000
- டயர், சர்வீஸ், வருஷம் 5,000: 25,000
- சீட்டிங் மாற்றம் ஒரு முறை: 20,000
- வீட்டில் ரேம்ப்: 15,000
- மொத்தம்: 2,10,000

60 மாசத்தால் வகுத்தா மாசம் 3,500 ரூபாய். சேரின் உண்மையான விலை இதுதான். 1,20,000-ஐ மட்டும் புரட்டி வாங்கிட்டு, ரெண்டாவது வருஷம் பேட்டரிக்குக் காசில்லாமல் சேரை நிறுத்தி வைக்கிற வீடுகள் உண்டு. சேர் நின்னா குழந்தையின் பள்ளிக்கூடமும் நிக்கும். அதனால சேர் வாங்குற மாசத்திலேயே மாசம் 1,500 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி தொடங்குங்க. மேலே இருக்கிற பேட்டரி, சர்வீஸ், சீட்டிங் மூணும் சேர்ந்து 75,000. அஞ்சு வருஷத்தில் ஆர்.டி-யில் நீங்க போடறது 90,000. மிச்சம் அடுத்த சேருக்கு.

பர்சனல் லோன்ல வாங்கலாமான்னு கேட்டா: 1,20,000-ஐ 14% வட்டியில் 3 வருஷத்துக்கு எடுத்தா இ.எம்.ஐ சுமார் 4,100. மொத்த வட்டி 27,600-க்குப் பக்கம். ரெண்டு முறை பேட்டரி மாத்துற காசு வட்டியாப் போகுது. எமர்ஜென்சி ஃபண்டைத் தொட்டாலும் பரவாயில்லை, பாதியாவது கையிலிருந்து போடுங்க. ஆபீஸ்ல வட்டியில்லா சம்பள அட்வான்ஸ் இருக்கான்னு எச்.ஆர்-கிட்ட கேளுங்க. கேட்கிறதுக்கு வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை இது.

யார் பங்கு கொடுப்பாங்க?

*யு.டி.ஐ.டி கார்டு:* எல்லாத்துக்கும் சாவி இதுதான். ஸ்வாவலம்பன் தளத்தில் விண்ணப்பிக்கலாம். 40% முதல் 79% வரை மஞ்சள், 80%-க்கு மேல் நீல நிறம். சின்னக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் காலாவதி தேதியோட கொடுப்பாங்க. அந்தத் தேதியை மொபைல் காலண்டர்ல போடுங்க.

*ஏ.டி.ஐ.பி திட்டம்:* மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டம். பெற்றோர் வருமானத்துக்கு உச்சவரம்பு உண்டு, அதோட மோட்டார் வண்டிகளுக்கு 16 வயசு நிரம்பியிருக்கணும்னு திட்ட விதி. அதாவது 8 வயசுக் குழந்தைக்கு பவர் சேர் இதில் கிடைக்கும்னு நம்பி ஒரு வருஷம் காத்திருக்காதீங்க. அந்த வயசில் கைவண்டி, சிறப்பு நாற்காலி மாதிரி பொருட்களுக்குத் தகுதி இருக்கான்னு கேட்கலாம். புதுச்சேரி சமூக நலத்துறையிலும் நேரில் விசாரிங்க.

*கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ்:* பெரும்பாலான பாலிசிகள் வீல்சேர் மாதிரி வெளி உபகரணங்களுக்குக் கொடுக்காது. ஆனா கார்ப்பரேட் பாலிசியில் கம்பெனி விருப்பப்பட்டா சேர்க்கலாம். பாலிசி புதுப்பிக்கிற மாசத்துக்கு முன்னாடி எச்.ஆர்-க்கு ஒரு மெயில் போடுங்க.

*நிராமயா:* நேஷனல் டிரஸ்டின் காப்பீடு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவங்களுக்கு வருஷம் ஒரு லட்சம் வரை. வறுமைக் கோட்டுக்கு மேல் உள்ள குடும்பங்களுக்கும் சேர்க்கைக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். சேர் வாங்க இது இல்லை. தெரபி, ஓ.பி செலவுகளை இது தாங்கினா அந்தக் காசு சேருக்கு மிச்சம்.

*ரோட்டரி, லயன்ஸ், கம்பெனி சி.எஸ்.ஆர்:* கேளுங்க. ஆனா "ஒரு வீல்சேர் கொடுங்க"ன்னு கேட்டா ஸ்டாண்டர்டு சைஸ் கைவண்டி வரும். தெரபிஸ்ட் எழுதின ஸ்பெக்கும் கொட்டேஷனும் வெச்சு, "இதில் ஒரு பங்கு நேரா விற்பனையாளருக்குக் கொடுங்க"ன்னு கேளுங்க.

வரி: 80டிடி பற்றி சேல்ஸ்மேன் சொல்றதை நம்பாதீங்க

"சார், காஸ்ட்லி மாடல் எடுங்க, 80டிடி-ல கழிச்சுக்கலாம்"னு சொல்வாங்க. தப்பு. 80டிடி நிலையான தொகை. குறைபாடு 40% முதல் 80%-க்குள் இருந்தா 75,000, 80%-ம் அதுக்கு மேலும்னா 1,25,000. குழந்தையின் சிகிச்சைக்கோ பராமரிப்புக்கோ செலவு செஞ்சிருக்கணும், ஆனா 20,000 செலவானாலும் 3 லட்சம் செலவானாலும் கழிவு அதேதான். சேர் விலையால் ஒரு ரூபாய்கூட கூடாது. அதே சமயம், சேர் வாங்காத வருஷத்திலும் இது கிடைக்கும்.

முக்கியமான நிபந்தனை: ஓல்டு ரெஜீம்ல மட்டும். இங்கேதான் கணக்கு போடணும். 2025-26 நிதியாண்டு விதிப்படி:

சம்பளம் 12.75 லட்சம் வரைன்னா நியூ ரெஜீம்ல வரியே பூஜ்யம். 80டிடி பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சம்பளம் 15 லட்சம்னா நியூ ரெஜீம்ல வரி 97,500. ஓல்டு ரெஜீம்ல இதே அளவு வரி வர, 50,000 ஸ்டாண்டர்டு டிடக்ஷன் போக இன்னும் 5,43,750 கழிவு வேணும். 80சி 1,50,000, 80டி 25,000, 80டிடி 1,25,000 சேர்த்தா 3,00,000. மீதி 2,43,750-ஐ எச்.ஆர்.ஏ விலக்கும் வீட்டுக்கடன் வட்டியும் நிரப்பினால்தான் ஓல்டு ரெஜீம் ஜெயிக்கும். இல்லைன்னா 80டிடி-க்காக ஓல்டு ரெஜீம் போறது நஷ்டம். ஓல்டு ரெஜீம் உங்களுக்கு ஏற்கனவே லாபம், 30% ஸ்லாப்னா, செஸ் சேர்த்து 1,25,000-க்கு 39,000 ரூபாய் வரி மிச்சம்.

பிசினஸ் வருமானம் இல்லாத சம்பளக்காரர் ஒவ்வொரு வருஷமும் ரெஜீம் மாத்திக்கலாம், கெடு தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டா போதும். கணவன், மனைவி ரெண்டு பேரும் வேலைன்னா, ரெண்டு பேருக்கும் தனித்தனியா போட்டுப் பார்த்து, யாருக்கு லாபமோ அவர் கோரலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடுன்னா ஃபார்ம் 10ஐஏ வேணும். சான்றிதழ் காலாவதி ஆயிட்டா கழிவும் போச்சு. 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வருது. அதிலிருந்து பிரிவு எண்கள் மாறும், பழைய எண்ணை வெச்சுத் தேடிக் குழம்பாதீங்க.

ஜி.எஸ்.டி: மோட்டார் வெச்ச வீல்சேருக்கும் 5%தான். எச்.எஸ்.என் 8713. பில்லில் இதுக்கு மேல போட்டிருந்தா கேளுங்க.

நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு

மைனர் குழந்தை பேர்ல பணம் போட்டா, வட்டி பெற்றோர் வருமானத்தோட சேரும்னு நமக்குத் தெரியும். ஆனா 80யு-வில் சொல்ற மாதிரி குறைபாடு உள்ள மைனருக்கு இந்தச் சேர்ப்பு கிடையாது. 64(1ஏ) பிரிவிலேயே விலக்கு இருக்கு. தாத்தா பாட்டி பேரன் பேர்ல 3 லட்சம் எஃப்.டி போட்டா, அன்பளிப்புக்கும் வரியில்லை, வட்டியும் உங்க 30% ஸ்லாப்ல வராது. குழந்தையின் வருமானமா, அடிப்படை விலக்குக்குள்ள முடிஞ்சிடும். குழந்தைக்கு பான் எடுங்க. அடுத்த சேருக்கான நிதியை இப்படி வளர்க்கலாம். இதில் ஒரு எச்சரிக்கை: குழந்தை பேர்ல 80யு கோரினா நீங்க 80டிடி கோர முடியாது. அறிவுசார் குறைபாடும் இருந்தா, 18 வயசுக்குப் பிறகு அந்தக் கணக்கை நிர்வகிக்க சட்டபூர்வ காப்பாளர் நியமனம் தேவைப்படும். 17 வயசிலேயே அந்த வேலையைத் தொடங்குங்க.

அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி

1. வீட்டில் டெமோ கொடுப்பீங்களா? குழந்தையை உட்கார வெச்சு, பாத்ரூம் வரை ஓட்டிப் பார்க்கணும்.
2. பாண்டிக்கு சர்வீஸ் ஆள் வருவாரா, இல்ல சேரைச் சென்னைக்கு அனுப்பணுமா? எத்தனை நாள்? அதுவரை மாற்று சேர் உண்டா?
3. மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி மூணுக்கும் தனித்தனி வாரண்டி எவ்வளவு?
4. அடுத்த பேட்டரியின் இன்றைய விலை என்ன?
5. வேகத்தைக் குறைச்சு பூட்ட முடியுமா? பெற்றோர் பின்னாலிருந்து ஓட்டற கன்ட்ரோல் உண்டா?
6. மோட்டாரை விடுவிச்சுக் கையால் தள்ள முடியுமா? நடுரோட்டில் சார்ஜ் தீர்ந்தா வேணும்.
7. ஸ்கூல் வேனில் சேரைக் கட்டி ஏத்தலாமா? அதுக்கான பாதுகாப்புச் சோதனை செஞ்ச மாடலா?

பதில்களை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்க. 2-வது கேள்விக்குத் தெளிவான பதில் வராத கடையில், 20,000 குறைவா இருந்தாலும் வாங்காதீங்க.

ஒரு பெரியவர் ஸ்கூட்டர் வாங்கினா ஆபீசுக்குப் போவார். ஒரு குழந்தைக்கு அளவான பவர் சேர் கிடைச்சா, அம்மாவைக் கூப்பிடாமல் அடுத்த ரூமுக்குப் போகும், இன்டர்வல்ல நண்பர்கள் பின்னாடி போகும், பிடிக்காத இடத்திலிருந்து தானே திரும்பியும் வரும். அந்த சுதந்திரத்துக்கு மாசம் 3,500 ரூபாய்னு பட்ஜெட்ல ஒரு வரி சேர்த்துடுங்க.

தேவைப்படுற ஒரு குடும்பத்துக்கு இதை அனுப்பி வைங்க. அடுத்த வீடியோவில் 80டி, 80டிடி, 80யு மூணையும் ஐ.டி.ஆர் ஃபார்ம்ல எங்கே, எப்படி நிரப்பறதுன்னு ஸ்கிரீன்ல காட்டறேன். சந்திப்போம்.